கொழுந்தை நிறுக்கத் தராசு இருக்கு, ஊன்றுகோலை அளக்க நாடா இல்லையா?

போன வருசம் மழைக்காலத்தில் எங்கள் கூட்டத்தில் நாலு பேர் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். ஆய்வுக்கும் இல்லை, நிவாரணம் கொடுக்கவும் இல்லை. எங்களில் ஒருத்தியின் வீடு அங்கேதான். அவளுடைய பெரியம்மா கொழுந்தோடு மலையிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து, கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு வீட்டில் இருந்தார். பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனோம்.

கண்டியிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாக பஸ். பிறகு கொஞ்சத் தூரம் ஆட்டோ, மிச்சம் நடை. ரோட்டிலிருந்து லயத்துக்கு இறங்கும் படிகளை எண்ணிப் பார்த்தோம். 47 படி. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம். பாதிப் படிகளில் பாசி.

பெரியம்மா எங்களைக் கண்டதும் இஸ்தோப்பில் எழுந்து நின்றார். அந்த நிலையைப் பார்த்ததும் எங்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு தோளும் காது வரைக்கும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கக்கத்துக்குள் கட்டை இரண்டும் குத்தி நிற்க, உடம்பு முழுவதும் அதில் தொங்குகிறது. கட்டையின் தலையில் பழைய சேலைத் துணியை உருண்டையாகச் சுற்றிவைத்திருந்தார், நோகாமல் இருக்க.

"கால் நோவைவிட கக்கம் நோவுதான் புள்ள தாங்க முடியல" என்றார். பிறகு வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டு நிமிரவில்லை. கை தொங்கியது. "மரத்துப் போச்சு. காலையில தேத்தண்ணிக் கோப்பை விழுந்து ஒடஞ்சிருச்சு. கால் ஆறிப்போகும். இந்தக் கை இப்படியே இருந்துட்டா நான் எப்படிக் கொழுந்து எடுக்குறது?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. கால் உடைந்தவருக்குக் கை எப்படிப் போனது?

யாருடைய கட்டை?

விசாரித்தோம். வைத்தியசாலையில் எலும்பைப் பொருத்திக் கட்டுப் போட்டார்கள். காலை ஊன்றக்கூடாது, ஊன்றுகோல் வாங்கிப் பாவிக்கச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மேல் லயத்தில் ஒரு ஜோடி இருக்கிறது என்று தெரிந்தது. அங்கே ஒரு ஐயாவுக்கு யாரோ உதவி செய்பவர்கள் வந்து, படம் எடுத்து, கொடுத்துவிட்டுப் போனது. அந்த ஐயா ஆறடி ஆள். பெரியம்மா ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. கட்டையில் உயரம் கூட்டிக் குறைக்கும் துளைகள் இருந்தன. ஆனால் அது எதற்கு என்று ஐயாவுக்கும் யாரும் சொல்லவில்லை, பெரியம்மாவுக்கும் யாரும் சொல்லவில்லை. அவருக்குப் பொருந்தினது இவருக்கும் பொருந்தும் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். கட்டை கட்டைதானே!

எங்களுக்கும் அப்போது அது தெரியாது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். ஆனால் பேராதனையில் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் பிசியோதெரபி படிக்கும் சினேகிதி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினோம். பார்த்த உடனே அவள் கேட்டது காலைப் பற்றி இல்லை. "கையை மேலே தூக்கச் சொல்லுங்க. விரலை விரிக்கச் சொல்லுங்க." பிறகு, "இனி அந்தக் கட்டையில தொங்க விடாதீங்க. கையை டொக்டர்கிட்ட காட்டணும். ஞாயிற்றுக்கிழமை நான் வாரேன்" என்றாள்.

அவள் சிங்களம் பேசுபவள், தமிழ் கொஞ்சம்தான். ஞாயிறு அவள் வந்தபோது நாங்கள் நடுவில் நின்று மொழிபெயர்த்தோம். முழு வேலைக்கும் இருபது நிமிசம் போயிருக்கும். அவள் சொல்லித் தந்ததையும், பிறகு நாங்கள் தேடிப் படித்ததையும் கீழே எழுதுகிறோம். ஒரு எச்சரிக்கை. காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம், எப்போது கொடுக்கலாம் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அதில் நாங்கள் தலையிடவில்லை. கட்டையின் அளவு பார்ப்பது வேறு விசயம்.

கக்கத்துக்கு இல்லை, கைக்கு

பலருக்கும் தெரியாத முதல் விசயம் இது: கக்கத்துக் கட்டை கக்கத்தில் தாங்குவதற்கு இல்லை. உடம்பின் பாரம் உள்ளங்கையில், கைப்பிடியில் இறங்க வேண்டும். மேல் பகுதி நெஞ்சுக் கூட்டுக்கும் மேல் கைக்கும் இடையில் லேசாக அணைந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். கையை வேலை வாங்கும் நரம்புகள் கக்கத்தின் வழியாகத்தான் போகின்றன. மணிக்கட்டை நிமிர்த்தவும் விரல்களை விரிக்கவும் உதவும் நரம்பும் அதில் ஒன்று. கட்டை நீளமாக இருந்தால், அல்லது ஆள் களைத்துப்போய் அதில் தொங்கினால், நாள் கணக்கில் அந்த நரம்பு நசுங்குகிறது. முதலில் கூச்சம், பிறகு மரத்துப்போவது, பிறகு மணிக்கட்டு தொங்கிவிடுவது. பெரியம்மாவுக்கு நடந்தது அதுதான். துணி சுற்றியது அதை இன்னும் மோசமாக்கியது. துணி ஏற ஏற கட்டை இன்னும் நீளம், கக்கத்தில் இன்னும் அழுத்தம். மெத்தை போட்டால் தொங்குவதற்கு இன்னும் வசதி. நோவு குறைய நாம் செய்வதே நோவைக் கூட்டுகிறது.

அளவு குறைந்தாலும் பிரச்சினைதான். கட்டை குட்டையாக இருந்தால் ஆள் முன்னால் குனிந்து நடப்பார். முதுகு நோகும், பாரம் முன்னால் சாயும், இறக்கத்தில் அப்படியே குப்புற விழ வாய்ப்பு அதிகம். மலைநாட்டில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

அளக்கும் முறை

முதலில் சமதரை வேண்டும். எங்களுக்கு அதுவே பெரும்பாடாகிவிட்டது! இஸ்தோப்பு ஒரு பக்கம் சரிவு, வாசல் கல்லும் மண்ணும். கடைசியில் பெரியம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு கோயில் முன்னால் இருந்த சீமெந்துத் தரைக்குப் போனோம். சின்னப் பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

இரண்டாவது, செருப்பு. வழக்கமாக எதைப் போட்டு நடப்பாரோ அதைப் போட்டுக்கொண்டுதான் அளக்க வேண்டும். நல்ல காலில் வழுக்காத, பின்பக்கம் பட்டியுள்ள செருப்பு நல்லது. வெறும் காலில் அளந்துவிட்டு பிறகு செருப்புப் போட்டால் அளவு மாறிவிடும்.

மூன்றாவது, உயரம். நேராக நிற்கச் சொல்ல வேண்டும், தோளைத் தளர விட்டு, ஒரு பக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ள. கட்டையின் நுனியைப் பாதத்துக்கு முன்னும் வெளிப்பக்கமுமாக ஏறத்தாழ 6 அங்குலம், அதாவது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். அப்போது கட்டையின் தலைக்கும் கக்கத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போகிற அளவு இடைவெளி இருக்க வேண்டும். விரல் போகவில்லை என்றால் நீளம். கை முழுவதும் போகிறது என்றால் குட்டை. மெத்தை போடுவதாக இருந்தால் போட்ட பிறகுதான் அளக்க வேண்டும்.

எழுந்து நிற்க முடியாதவருக்குப் படுத்த நிலையிலும் அளக்கலாம். கக்கத்தின் முன் மடிப்பிலிருந்து குதிக்காலுக்கு வெளிப்பக்கம் 6 அங்குலம் தள்ளி ஒரு புள்ளி வரைக்கும் நாடா பிடித்தால் கிட்டத்தட்ட கட்டையின் நீளம் வரும். எழுந்த பிறகு அதைத் திரும்பவும் சரிபார்க்க வேண்டும்.

நாலாவது, கைப்பிடி. இதைத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள். கட்டையின் உயரம் ஒரு அளவு, கைப்பிடியின் உயரம் இன்னொரு அளவு. கையைச் சும்மா தொங்க விட்டால் மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும். பிடித்துக்கொண்டு நிற்கும்போது முழங்கை கொஞ்சம் மடிந்திருக்கும், 20 இலிருந்து 30 பாகை வரை. நட்டுக்கு நேராக இருந்தால் ஊன்றித் தள்ள முடியாது. அதிகம் மடிந்தால் கை சீக்கிரம் களைத்து, ஆள் திரும்பவும் கக்கத்தில் தொங்கத் தொடங்கிவிடுவார்.

முழங்கைக்குக் கீழே வளையம் மாட்டும் வகை ஊன்றுகோலும் இருக்கிறது. அதிலும் கைப்பிடி மணிக்கட்டு மட்டத்துக்குத்தான். வளையம் முழங்கைக்குக் கீழே ஒன்று ஒன்றரை அங்குலத்தில் நிற்க வேண்டும். கையை மடக்கும்போது அது முழங்கையில் இடிக்கக் கூடாது.

ஐந்தாவது, இரும்பும் றப்பரும். இரண்டு கட்டையும் ஒரே துளையில் இருக்கிறதா? பொத்தான்கள் துளைக்கு வெளியே முழுவதும் வந்திருக்கிறதா? மரக் கட்டை என்றால் ஆணியும் நட்டும் இறுகியிருக்கிறதா? அடியில் உள்ள றப்பர் மூடி தேய்ந்து வழவழப்பாகிவிட்டதா? பெரியம்மாவின் கட்டைகளில் ஒன்றில் றப்பரே கிழிந்து உள்ளே இருந்த குழாய் தெரிந்தது. ஈரச் சீமெந்தில் அது வழுக்காமல் வேறென்ன செய்யும்? அடுத்த கிளினிக்குக்குப் போனபோது கண்டி டவுனில் ஒரு ஜோடி புது மூடி வாங்கினோம். முழுக் கதையிலும் அதைவிட மலிவான சாமான் இல்லை.

சினேகிதி உயரத்தை நாலு துளை குறைத்தாள். கைப்பிடியை இரண்டு துளை இறக்கினாள். சேலைத் துணியைக் கழற்றினாள். பெரியம்மா எழுந்து நின்றார். தோள் இரண்டும் கீழே இறங்கின. "ஆத்தாடி, இப்பதான் கழுத்து இருக்கிறதே தெரியுது" என்றார். சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

மலையில் நடப்பது

அளவு சரியானால் பாதி வேலைதான் முடிந்தது. மற்றப் பாதி நடை. சமதரையில் முறை சுலபம். இரண்டு கட்டையையும் ஒரு அடி முன்னால் வை, கையில் பாரம் கொடு, நல்ல காலைக் கொண்டுபோய் ஊன்று. நோகும் கால் கட்டைகளோடு சேர்ந்து போகும். கீழே பார்த்துக்கொண்டே நடக்காமல் முன்னால் பார்க்க வேண்டும். உட்காரும்போது கதிரையில் கால் முட்டும் வரை பின்னால் போய், இரண்டு கட்டையையும் ஒரு கைக்கு மாற்றி, மற்றக் கையால் கதிரையைப் பிடித்து மெதுவாக இறங்க வேண்டும்.

படிக்கு ஒரு வாய்ப்பாடு. ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு கட்டைகளும் நோகும் காலும். இறங்கும்போது கட்டைகளும் நோகும் காலும் முதலில், பிறகு நல்ல கால். கைபிடிக் கம்பி இருந்தால் ஒரு கையால் அதைப் பிடித்து, கட்டைகளை மற்றக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த லயத்துப் படியில் கைபிடிக் கம்பி இருக்கிறது? அதனால் ஏறும்போது ஒருவர் பின்னால் ஒரு படி கீழே, இறங்கும்போது ஒருவர் முன்னால் ஒரு படி கீழே நிற்க வேண்டும் என்று சினேகிதி சொன்னாள். அந்த 47 படிக்கு அவள் சொன்னது வேறு. "கிளினிக் நாளைத் தவிர இதுல ஏறவே வேண்டாம். அன்னைக்கும் கதிரையில தூக்கிட்டுப் போங்க." எந்த இடத்தில் ஊன்றுகோலைப் பாவிக்கக் கூடாது என்று சொல்வதும் ஊன்றுகோல் பழக்குவதில் ஒரு பகுதிதான்.

மிச்சத்தை நாங்களும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து யோசித்தோம். கழிப்பறைக்குப் போகும் வழியில் பாசியைச் சுரண்டிக் கழுவினோம். வாசலில் கிடந்த சாக்கையும் கம்பளித் துண்டையும் எடுத்துப் போட்டோம், கட்டை அதில் சிக்கும். மண்ணில் நடந்து வந்தால் றப்பர் மூடியின் வரிகளில் சேறு அடைத்துக்கொள்ளும், அதைத் துடைக்க வாசலில் ஒரு துணி. கையில் எதையும் தூக்க முடியாது என்பதால் முதுகில் மாட்டுகிற பழைய ஸ்கூல் பேக் ஒன்று. இராத்திரிக்குக் கழுத்தில் மாட்டும் டோர்ச். எல்லாம் வீட்டில் இருந்த சாமான்கள்தான்.

ஏன் யாரும் அளக்கவில்லை?

இங்கேதான் எங்கள் கோபம். அது ஒரு நர்ஸ் மீதோ ஒரு வைத்தியர் மீதோ உள்ள கோபம் இல்லை. எலும்பு முறிவு வார்ட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஆட்கள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். பெரியம்மாவின் எலும்பைச் சரியாகப் பொருத்தியதும் அவர்கள்தான். கோபம், அளவு பார்ப்பதை யாருடைய வேலையாகவும் வைக்காத முறையின் மீது.

ஹேவாஹெட்டப் பக்கம் சாதாரண இடம் இல்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டு, இந்த நாட்டின் தேயிலைத் தொழிலைத் தொடங்கிய லூல்கந்துர இந்த மலைகளில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து இங்கே அளக்காதது எது? செடிக்கும் செடிக்கும் இடைவெளி அளந்தார்கள். கான் வெட்ட முழம் அளந்தார்கள். கொழுந்து மடுவத்தில் தராசு தொங்குகிறது, கிலோவுக்குக் கீழே கிராமும் பார்க்கிறார்கள். தண்ணீர் என்று கழிக்கிறார்கள், முற்றல் இலை என்று கழிக்கிறார்கள். வேலையில் விபத்து நடந்தால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. எந்த உறுப்பு போனால் உழைக்கும் வலுவில் எத்தனை வீதம் போனது என்று அதன் அட்டவணை கணக்குச் சொல்கிறது. கை போன பிறகு வீதம் அளக்க அட்டவணை உண்டு. கை போகாமல் இருக்க ஒரு நாடாவைப் பிடிக்க ஆள் இல்லை.

இது எங்கள் தோட்டத்துப் புலம்பல் மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஒவ்வொரு நாடும் முன்னுரிமை கொடுக்க வேண்டிய 50 உதவிச் சாதனங்களைப் பட்டியலிட்டது. ஊன்றுகோல் அதில் ஒன்று. 2022இல் யுனிசெப்போடு சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், உலகில் 250 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு உதவிச் சாதனம் தேவை, கிட்டத்தட்ட 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை என்று சொன்னது. ஆனால் அதே நிறுவனம் சுகாதார ஊழியர்களுக்கு நடத்தும் பயிற்சியில் இந்தச் சேவையை நாலு படியாகப் பிரிக்கிறது: தெரிவு செய்வது, பொருத்துவது, பாவிக்கப் பழக்குவது, திரும்ப வந்து பார்ப்பது. இந்த நாலில் சாமான் கைக்கு வருவது முதல் படி மட்டும்தான். நம் ஊரில் முதல் படியிலேயே படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறோம்.

பெனர் கட்டி, வரிசையாக நிற்க வைத்து, ஒரே அளவு ஊன்றுகோலை எல்லாருக்கும் கொடுக்கும் நிகழ்ச்சிகளுக்கு நாங்களும் போயிருக்கிறோம். சில தடவை கைதட்டியும் இருக்கிறோம். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரே அளவுச் சப்பாத்தை ஐம்பது பிள்ளைகளுக்குக் கொடுத்தால் நாம் சிரிப்போம். ஒரே அளவு ஊன்றுகோலைக் கொடுத்தால் மட்டும் ஏன் தர்மம் என்கிறோம்?

சட்டம் இல்லாமலும் இல்லை. 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்றவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. 2006இல் பொதுக் கட்டடங்களை எல்லாரும் அணுகக்கூடியதாக ஆக்கும் ஒழுங்குவிதிகள் வந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் போய் வழக்காடி, 2011இல் அந்த ஒழுங்குவிதிகளை நடைமுறைப்படுத்த உத்தரவு வாங்கினார். 2016இல் அங்கவீனமுற்றவர்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. இவை எல்லாம் சாய்தளம், கழிப்பறை, கதவு என்று கட்டடத்தின் அளவைப் பேச வைத்தன. அது பெரிய காரியம். அந்தச் சாய்தளத்தில் ஏறி வருபவரின் கையில் இருக்கும் கட்டையின் அளவையும் அதே கேள்விக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறோம்.

சொல்லப்படும் சமாதானங்கள்

"ஆறு எட்டுக் கிழமைக்குத்தானே, சமாளிச்சிடலாம்" என்கிறார்கள். பெரியம்மாவின் மணிக்கட்டு தொங்க இரண்டு கிழமைதான் எடுத்தது. அலுவலகத்தில் இருப்பவருக்குக் கை கொஞ்ச நாள் மரத்தால் தொந்தரவு. கொழுந்து எடுப்பவருக்கு அது சம்பளம். அவருடைய முழுத் தொழிலும் இரண்டு விரலிலும் பெருவிரலிலும்தான் இருக்கிறது.

"முதலில் ரோட்டைப் போடச் சொல்லுங்க, படியைக் கட்டச் சொல்லுங்க, கட்டையின் அளவெல்லாம் பிறகு" என்று எங்கள் நண்பர்களே சொன்னார்கள். இதில் நியாயம் இருக்கிறது. அந்த 47 படி இருக்கும் வரை எந்தக் கட்டையும் முழுப் பாதுகாப்பு இல்லை. அந்தக் கோரிக்கையை நாங்கள் விடவும் இல்லை. ஆனால் ரோட்டுக்குத் தேர்தல் தேர்தலாகக் காத்திருக்கிறோம். நாடாவுக்கு இருபது நிமிசம் போதும். பெரியதைக் கேட்கிறோம் என்பதற்காகச் சிறியதை விட்டுவிட்டால், நடுவில் நசுங்குவது பெரியம்மாக்களின் நரம்பு.

மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "சொல்லித்தான் அனுப்பியிருப்பாங்க, இவங்களுக்கு விளங்கியிருக்காது." ஆமாம், விளங்கவில்லைதான். ஏன் விளங்கவில்லை? வார்ட்டிலிருந்து அனுப்பும்போது சொன்ன நாலு வசனமும் சிங்களத்தில். பெரியம்மாவுக்குக் கடைக்குப் போய் வரும் அளவு சிங்களம் தெரியும். "கக்கத்தில் பாரம் கொடுக்காதே" என்பதை விளங்கிக்கொள்ளும் சிங்களம் தெரியாது. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. அது பெயர்ப் பலகைக்கு வந்துவிட்டது, வீட்டுக்குப் போகும் நோயாளியின் கையில் கொடுக்கும் துண்டுக்கு இன்னும் வரவில்லை. கோயில் தரையில் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் தெரிந்தது இதுதான்: எங்கள் சினேகிதிக்கு அறிவு இருந்தது, பெரியம்மாவுக்குத் தேவை இருந்தது. நடுவில் ஒரு மொழிதான் குறைவு.

நாங்கள் கேட்பது

பெரிய பட்டியல் இல்லை. எலும்பு முறிவு கிளினிக்குகளில் ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரையும் ஒரு தடவை நிற்க வைத்து அளந்து, பத்து அடி நடக்க விட்டு, பிறகு அனுப்புங்கள். தமிழிலும் சிங்களத்திலும் படத்தோடு ஒரு பக்கத் தாள் கொடுங்கள். எழுத்துத் தெரியாதவருக்குப் படம் போதும். கட்டு மாற்ற வரும் நாளில் காலைப் பார்ப்பது போல ஒரு நிமிசம் கையையும் பாருங்கள், விரல் விரிகிறதா என்று.

தோட்டத்து மருந்தகங்களில் உயரம் மாற்றக்கூடிய ஊன்றுகோல் இரண்டு மூன்று ஜோடி, ஒரு பெட்டி றப்பர் மூடி, ஒரு தையல் நாடா இருந்தால் போதும். லயத்துக்கு லயம் கைமாறும் கட்டைகளை அங்கே கொண்டுவந்து அளந்து வாங்கிப் போகலாம். கைமாறுவது பிழை இல்லை, அது எங்கள் சனத்தின் நல்ல பழக்கம். அளக்காமல் கைமாறுவதுதான் பிழை.

கொடை கொடுப்பவர்களே, பத்து ஜோடி கொடுக்கும் காசில் எட்டு ஜோடி கொடுங்கள். மிச்சக் காசில் அளக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள். ஒரு மாதம் கழித்து அவரையே திரும்ப அனுப்புங்கள். அப்போது எடுக்கிற படத்தைப் போடுங்கள், நாங்களும் பகிர்கிறோம்.

எங்களுக்கும் வேலை இருக்கிறது. கலஹா சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறோமே, அந்த ரோடுதான் கலஹா, தெல்தோட்டை என்று தோட்டங்களுக்குள் ஏறிப் போகிறது. ஒரே கம்பஸில் ஒரு பக்கம் பிசியோதெரபி படிக்கிறார்கள், ஒரு பக்கம் தமிழும் மொழிபெயர்ப்பும் படிக்கிறோம். நாலு வருசத்தில் இந்த இரண்டு பக்கமும் ஒரு தடவையாவது ஒரு லயத்து வாசலில் சந்திக்காவிட்டால் படித்து என்ன பயன்? அந்த ஒரு பக்கத் தாளைத் தமிழில் எழுதும் வேலையை எங்கள் கூட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறது. சினேகிதியின் ஆட்கள் சரிபார்க்கிறார்கள். பெரியம்மா வாசித்துப் பார்த்து, "இடுப்பு மட்டம்னு போடாதீங்க, மணிக்கட்டுன்னே போடுங்க, இடுப்பு ஆளுக்கு ஒரு இடம் சொல்லுவாங்க" என்று திருத்தம் சொன்னார். திருத்திவிட்டோம்.

பெரியம்மாவின் கையைப் பார்த்த வைத்தியர், நரம்பு நசுங்கியிருக்கிறது, அழுத்தம் போனால் மெல்லத் திரும்பும் என்றார். திரும்பியது. முதலில் மணிக்கட்டு, பிறகு விரல். கால் கட்டு வெட்டிய பிறகும் கொஞ்ச நாள் எடுத்தது. இப்போது மலைக்குப் போகிறார். அந்தி நேரத்தில் பெருவிரல் பக்கம் கொஞ்சம் கூசும் என்கிறார்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போனபோது கட்டைகள் அங்கே இல்லை. கீழ் லயத்தில் ஒரு பையன் பந்து விளையாடி காலை முறித்துக்கொண்டானாம், அவனுக்குப் போயிருக்கிறது. எங்களில் ஒருவன் பதறிப்போய், "அளந்துதானே கொடுத்தீங்க பெரியம்மா?" என்று கேட்டுவிட்டான்.

பெரியம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். "கோயிலடியில நிக்க வச்சு, மூணு விரல் விட்டுப் பார்த்துத்தான் குடுத்தேன். அவங்க அம்மா துணி சுத்த வந்தா. சுத்தாதேன்னு சொல்லிட்டேன்."